அந்த அம்பிளிபயர் அசலா, போலியா?



போர்க்காலத்தில் எங்கள் வீடுகளிலிருந்து ஆண்கள் போனார்கள். அவர்களுடைய பொருட்களில் சில மட்டும் எஞ்சின. ஒரு வீட்டில் தச்சு ஆயுதப் பெட்டி. இன்னொரு வீட்டில் கமெரா. வேறொரு வீட்டில் படகு இயந்திரம். அதை எங்கே வாங்கினார், என்ன விலை கொடுத்தார், அது அசலா என்ற விபரமெல்லாம் பெரும்பாலும் அவருடைய தலையிலேயே இருந்தது. மனைவியிடம் சொல்லப்படவில்லை, மனைவியும் கேட்கவில்லை. பிறகு கஷ்டம் வந்து அந்தப் பொருளை விற்க வேண்டிய நாளில், வாங்க வருபவர் சொல்வதுதான் விலையாகிறது.

கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களோடு வேலை செய்யும் நான் இதைப் பல தடவை கண்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றை இங்கே விபரமாக எழுதுகிறேன். பொருள் கொஞ்சம் வித்தியாசமானது: ஒரு பழைய கிட்டார் அம்பிளிபயர். உங்களில் பலருடைய வீட்டில் அது இருக்காது. ஆனால் அதைச் சோதித்த முறை எந்தப் பொருளுக்கும் பயன்படும்.

இரண்டு காப்பும் ஒரு பெட்டியும்

கட்டுகஸ்தோட்டையில் தன் மச்சாளுடைய வீட்டின் பின்பகுதியில் வசிக்கும் அம்மா ஒருவரின் கதை இது. அவருடைய ஊர் திருகோணமலை. கணவர் கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசித்த ஓர் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தவர். எழுபதுகளில் எமது நாட்டில் தமிழ் பொப்பிசை கொடிகட்டிப் பறந்ததை மூத்த சகோதரிகள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏ.ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம், திருகோணமலையைச் சேர்ந்த பரமேஸ் - கோணேஸ் சகோதரர்கள் என்று பலர் பாடிய காலம். ஊருக்கு ஊர் இளைஞர்கள் கிட்டாரைத் தூக்கினார்கள். இவரும் அப்படி வந்தவர்தான்.

1979இல் கப்பலில் வந்த ஒருவரிடமிருந்து அவர் ஓர் அம்பிளிபயர் வாங்கினார். சிறிய பெட்டி, ஒரு கையால் தூக்கலாம். அதற்காக அம்மாவின் இரண்டு காப்பும் அடகுக்குப் போயின. அவை திரும்பி வரவில்லை.

1990ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தப் பெட்டி இரையத் தொடங்கியது. கண்டியில் திருத்தலாம் என்று கணவர் அதைக் கொண்டுவந்து தன் அக்காவின் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அந்த ஆண்டு ஆனி மாதம் மீண்டும் சண்டை தொடங்கியது. அதன் பின் ஒரு நாள் அவரைக் கூட்டிச் சென்றார்கள். அவர் திரும்பவில்லை. இரண்டு பிள்ளைகளோடு அம்மா கண்டிக்கு வந்து சேர்ந்தபோது, கணவருடைய பொருளென்று கட்டிலுக்குக் கீழே அந்தப் பெட்டி மட்டும் இருந்தது. பழைய சேலையால் சுற்றி முப்பது வருடத்துக்கு மேல் அப்படியே வைத்திருந்தார்.

2023இல் மழைக்குக் கூரை ஒழுகத் தொடங்கியது. பெட்டியை விற்பதென்று முடிவு செய்தார். பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கும் ஒருவர் வந்து பார்த்தார். முன்பக்கத்தில் ஆட்டம் கண்டிருந்த பெயர்த் தகட்டை விரலால் தட்டினார். பின்னாலிருந்த இடைவெளியால் எட்டிப் பார்த்து, "இது போலி. உள்ளே இருக்கிறது மலிவான ஸ்பீக்கர். இருபதாயிரம் தருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் நான் போனபோது அம்மா பணத்தைப் பற்றிப் பேசவில்லை. "பிள்ளை, அவர் ஏமாந்துதான் போனவரோ? என்ட ரெண்டு காப்பும் ஒரு போலிச் சாமானுக்கோ போனது?" என்று கேட்டார். அவருடைய மனதில் இருந்தது அதுதான். விலை குறைந்ததைத் தாங்கிக்கொள்ளலாம். காணாமற்போன கணவரைப் பற்றி, பதில் சொல்ல அவர் இல்லாத நேரத்தில், ஒரு கெட்ட தீர்ப்பு வந்துவிட்டது. அதைத் தாங்குவது கஷ்டமாக இருந்தது.

"அம்மா, வாங்க வந்தவரே விலையையும் சொல்லி, அசலா போலியா என்றும் சொன்னால் எப்படி? வாங்கவும் விற்கவும் விருப்பமில்லாத ஒருவரிடம் முதலில் காட்டுவோம்" என்றேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் ஆய்வு முறைகள் பற்றிய பாடத்தில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று. ஒரே வாயிலிருந்து வரும் தகவலை முடிந்த முடிவாக எடுக்காதே, வேறு இரண்டு மூன்று வழிகளால் சரிபார் என்பதே அது. பட்டம் எடுத்து எத்தனையோ வருடமாகிவிட்டது. அந்தப் பாடம் மட்டும் ஒவ்வொரு நாளும் வேலைக்கு உதவுகிறது.

என்ன பொருள் இது?

மின்சாரக் கிட்டாரின் கம்பியைத் தட்டினால் தனியே பெரிய சத்தம் வராது. கம்பியின் அதிர்வு சிறிய மின்சாரமாக மாறி வயர் வழியே போகிறது. அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்குக் கொடுப்பதே அம்பிளிபயர். பழைய வானொலிப் பெட்டிகளில் இருந்ததைப் போன்ற கண்ணாடி வால்வுகளால் வேலை செய்யும் அம்பிளிபயர்களுக்கு இன்றும் உலகெங்கும் மதிப்பு இருக்கிறது. அந்த ஒலியின் இனிமைக்காகவே இசைக்கலைஞர்கள் தேடி வாங்குகிறார்கள்.

அம்மாவின் பெட்டியில் இருந்த பெயர் பென்டர். லியோ பென்டர் என்பவர் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் புல்லர்ட்டன் நகரில் 1938இல் வானொலி திருத்தும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் அவர் தொடங்கிய கம்பனி கிட்டாருக்கும் அம்பிளிபயருக்கும் உலகப் பெயர் பெற்றது. அவர் 1965இல் கம்பனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். அம்மாவிடம் இருந்தது அந்தக் கம்பனியின் மிகச் சிறிய அம்பிளிபயர்களில் ஒன்றான சாம்ப். எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று, மூன்று வால்வுகள், திருகும் குமிழ்கள் மூன்று. அவ்வளவுதான்.

கிட்டார் வாசிக்கும் பேராதனை மாணவர் ஒருவர் இந்த விபரங்களையும் பாகங்களில் பொறிக்கப்பட்ட இலக்கங்களின் பட்டியலையும் தாளில் எழுதித் தந்தார். நானும் அம்மாவும் பெட்டியை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு கண்டி நகரில் நாற்பது வருடமாக வானொலி திருத்தும் சிங்களப் பெரியவர் ஒருவரிடம் போனோம். எல்லோரும் அவரைப் பாஸ் என்றே கூப்பிடுவார்கள்.

அசல் என்று எப்படிக் கண்டோம்?

"மிஸ், முன்னுக்கு இருக்கிற பெயரைப் பார்க்க வேண்டாம். பின்னுக்குத் திறப்போம்" என்றார் பாஸ். பெயர்த் தகடு தனியே விலைக்குக் கிடைக்கும், யாரும் வாங்கி எந்தப் பெட்டியிலும் பூட்டலாம். ஆகவே தகடு இருப்பதால் ஒரு பொருள் அசலாகாது. தகடு ஆடுவதாலோ இல்லாமல் போவதாலோ அது போலியாகவும் ஆகாது.

பின்பலகையின் ஆணிகளைக் கழற்றியதும் முதலில் பார்த்தது உள்ளே ஒட்டியிருந்த ஒரு தாளை. எந்த இடத்தில் எந்த வால்வு என்று காட்டும் அட்டவணை அது. ஓரம் பழுத்து, ஒரு மூலையைப் பூச்சி அரித்திருந்தது. அதில் சாம்ப் என்ற பெயரும் கம்பனியின் முழுப்பெயரும் வாசிக்கக் கூடியதாக இருந்தன. 1965இல் கைமாறிய பின் கம்பனியின் பெயர் 'பென்டர் எலக்ரிக் இன்ஸ்ட்ருமென்ற்' என்பதிலிருந்து 'பென்டர் மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ற்ஸ்' என்று மாறியது. தாளில் இருந்தது புதிய பெயர். முன்பக்கப் பட்டி வெள்ளி நிறம். கம்பனி 1968 முதல் பாவித்த நிறம் அது. இரண்டும் ஒத்துப் போயின.

அடுத்தது இரும்புப் பாகங்கள். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் பாகங்கள் செய்த ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஓர் இலக்கம் இருந்தது. அந்த இலக்கம், பிறகு ஆண்டு, பிறகு அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்ற வரிசையில் பாகத்தின் மேல் பொறிப்பார்கள். ட்ரான்ஸ்போமரில் தூசியைத் துடைத்தபோது 606-1-19 என்று தெரிந்தது. 606 என்பது பென்டருக்கு ட்ரான்ஸ்போமர் செய்து கொடுத்த ஷூமேக்கர் கம்பனியின் இலக்கம். 1 என்பது ஒன்றில் முடியும் ஆண்டு. 19 என்பது பத்தொன்பதாம் வாரம். 1961ஆ, 1971ஆ, 1981ஆ என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

எனவே பாஸ் இன்னோர் இடத்தையும் பார்த்தார். திருகும் குமிழ்களுக்குப் பின்னால் உள்ள பாகங்களைப் பார்க்க உலோகத் தட்டைக் கழற்ற வேண்டும். மின்சாரத்தைக் கழற்றிய பிறகும் வால்வு அம்பிளிபயரின் உள்ளே 300 வோல்ற்றுக்கு மேல் மின்சாரம் தேங்கி நிற்கலாம். கை பட்டால் உயிராபத்து. ஆகவே அந்தத் தட்டை அனுபவமுள்ளவர் மட்டுமே திறக்க வேண்டும். பின்பலகையைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதோடு நாம் நின்றுவிட வேண்டும். பாஸ் முதலில் தேங்கியிருந்த மின்சாரத்தை வெளியேற்றிய பின்பே கையை உள்ளே வைத்தார். அங்கே 137-71-12 என்று இருந்தது. 137 என்பது சி.ரி.எஸ். என்ற கம்பனி. 71 என்று ஆண்டு முழுதாக இருந்தது. பன்னிரண்டாம் வாரம்.

மாணவர் எழுதித் தந்த தாளோடு நான் ஒப்பிட்டேன். ஒரு பாகம் 1971 பங்குனியில் செய்தது, மற்றது அதே ஆண்டு வைகாசியில் செய்தது. இரண்டும் வேறு வேறு தொழிற்சாலைகளில் செய்யப்பட்டவை. ஆகவே பெட்டி 1971இன் நடுப்பகுதியிலோ அதற்குச் சற்றுப் பின்னரோ பூட்டப்பட்டிருக்க வேண்டும். தாள், பட்டியின் நிறம், ட்ரான்ஸ்போமர், குமிழ் என்று நான்கும் ஒரே காலத்தைக் காட்டின. ஒரு தகட்டைப் போலியாகச் செய்வது சுலபம். நான்கு இடத்திலும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி போலி செய்வது அவ்வளவு சுலபமல்ல.

ஸ்பீக்கர் மட்டும் பொருந்தவில்லை. அதில் அப்படியான இலக்கம் எதுவும் இல்லை. வியாபாரி சொன்னது அந்த அளவில் உண்மைதான். பாஸ் அதைச் சொன்னதும் அம்மா நிமிர்ந்தார். "அது அவர் மாத்தினது. ஒரு திருவிழாவில மழை அடிச்சு ஸ்பீக்கர் ஊறிக் கிழிஞ்சு போச்சு. புதுசு வாங்கிப் போட்டவர். எனக்கு நல்ல ஞாபகம்" என்றார். அந்த இலக்கங்களுக்குச் சமமான ஒரு சாட்சி இது. ஐம்பது வருடப் பொருளில் ஒரு பாகம் மாறியிருப்பது வழமை. அதனால் விலை குறையும். ஆனால் முழுப் பொருளும் போலியாகிவிடாது.

"அப்ப அவர் ஏமாறேல்லை" என்று அம்மா மெதுவாகச் சொன்னார். பாஸ் தமிழை நன்றாக விளங்கிக்கொள்வார். "இல்லை அம்மா, நல்ல சாமான்தான் வாங்கியிருக்கிறார்" என்றார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நிலைமை எப்படி?

அசல் என்பது ஒரு கேள்வி. நல்ல நிலையில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

பல வருடம் பாவிக்காமல் கிடந்த மின்சாரப் பொருளை நேரே பிளக்கில் பூட்டக் கூடாது. இதுதான் பாஸ் சொன்ன முதல் விடயம். அதிலும் இந்தப் பெட்டியின் பின்னால் 117 வோல்ற் என்று இருந்தது. எமது நாட்டு மின்சாரம் 230 வோல்ற். நேரே பூட்டியிருந்தால் எரிந்திருக்கும். ஜப்பானிலிருந்து வரும் பழைய மின்சாரப் பொருட்களுக்கும் இது பொருந்தும், அங்கே 100 வோல்ற். வெளிநாட்டுப் பொருள் வாங்கும்போது இந்த இலக்கத்தைத் தேடிப் பாருங்கள். அம்மாவிடம் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் சிறிய ட்ரான்ஸ்போமர் பெட்டியும் பத்திரமாக இருந்தது. கணவர் இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தார்.

பிறகு வயர். யாரோ அமெரிக்க பிளக்கை வெட்டிவிட்டு ஏர்த் இல்லாமல் இரண்டு வயரை மட்டும் இணைத்திருந்தார்கள். கிட்டார் வாசிப்பவரின் கை தொடும் கம்பிகள் அம்பிளிபயரின் உலோகத் தட்டோடு தொடர்புள்ளவை. ஏர்த் இல்லாத பெட்டியில் மின்கசிவு ஏற்பட்டால் அது வாசிப்பவரின் உடலினூடே பாயலாம். 1972இல் பிரித்தானியாவின் சுவான்சி நகரில் லெஸ்லி ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் ஏர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். பாஸ் முதல் வேலையாக ஏர்த் உள்ள மூன்று பின் பிளக்கைப் பூட்டினார்.

அடுத்து, கண்டியின் ஈரம். தோலுறையில் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஆணிகளில் துரு. பலகையைக் கறையான் தொடவில்லை, சேலை காப்பாற்றியிருக்கிறது. உள்ளே எரிந்த மணம் இல்லை. ட்ரான்ஸ்போமரிலிருந்து மெழுகு உருகி வழிந்த அடையாளமும் இல்லை. மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கப்பாசிற்றர்கள் வயதாகிக் காய்ந்திருந்தன. 1990இல் பெட்டி இரைந்ததற்கு அவைதான் காரணம். அவற்றை மாற்றினார். கழற்றியவற்றைச் சிறிய பையில் போட்டு அம்மாவிடம் கொடுத்து, "வாங்குகிறவருக்கு இதையும் கொடுங்கள்" என்றார்.

மின்சாரம் கொடுக்கும்போது வயரின் வழியில் ஒரு சாதாரண 100 வோற்ஸ் மின்குமிழைத் தொடராக இணைத்தார். உள்ளே கோளாறு இருந்தால் குமிழ் பிரகாசமாக எரிந்துகொண்டே இருக்கும், பெட்டி தப்பிவிடும். குமிழ் ஒரு தடவை எரிந்து மங்கியது. வால்வுகள் மூன்றும் செம்மஞ்சளாக ஒளிர்ந்தன. மாணவர் கிட்டாரைக் கொண்டுவந்து அரைமணி நேரம் வாசித்தார். சூடான பிறகே சில கோளாறுகள் வெளிவரும் என்பதால் ஐந்து நிமிடச் சோதனை போதாது. குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்கள். ஒன்று கரகரத்தது. தூசிதான், சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது. வால்வுகளைப் பென்சிலால் மெல்லத் தட்டினார்கள். ஒரு வால்வு மணிபோல் ஒலித்தது. அது பலவீனமான வால்வு, பிறகு மாற்ற வேண்டும்.

அம்மா ஒரு வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தை அவர் கேட்டது முப்பத்து மூன்று வருடங்களுக்குப் பிறகு. என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

ஒரு தாளில் எழுதினோம்

பாஸ் சொல்லச் சொல்ல நான் ஒரு தாளில் எழுதினேன். அசலான பாகங்கள் எவை, கண்ட இலக்கங்கள் என்ன, ஸ்பீக்கர் மாற்றப்பட்டது, கப்பாசிற்றரும் வயரும் புதியவை, ஒரு வால்வு பலவீனமானது. நல்லதையும் குறையையும் சேர்த்தே எழுதினோம். குறையை மறைத்து விற்கக் கூடாது என்பதில் அம்மா உறுதியாக இருந்தார். "என்னை ஏமாத்தப் பாத்தாங்கள் எண்டு நான் இன்னொருத்தரை ஏமாத்தலாமோ?" என்றார். பாஸும் அம்மாவும் கையெழுத்து வைத்தார்கள்.

அந்தத் தாளோடு மூன்று பேரிடம் விலை கேட்டோம். முதலில் வந்த வியாபாரியும் அதில் ஒருவர். தாளை வாசித்துவிட்டு அவரே தன் விலையை மூன்று மடங்காக்கினார். போலி என்ற சொல்லை அன்று அவர் எடுக்கவில்லை. கடைசியில் கொழும்பிலிருந்து வந்த ஓர் இளைஞர் ஒரு இலட்சத்துக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கினார். பாஸின் கூலி, சாமான் செலவு போகக் கூரைத் தகடுகளுக்குப் போதுமான பணம் அம்மாவின் கையில் நின்றது. தாளின் பிரதி ஒன்றை அவர் தன் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.

சகோதரிகளுக்கு

உங்கள் வீட்டில் இருப்பது தையல் இயந்திரமாக இருக்கலாம், கமெராவாக இருக்கலாம், நீர் இறைக்கும் பம்பாக இருக்கலாம். விற்கும் எண்ணம் இன்று இல்லாவிட்டாலும் ஒரு நாள் ஆறுதலாக இருந்து அதைப் பாருங்கள். அதிலுள்ள இலக்கங்களைக் கொப்பியில் எழுதுங்கள். எப்போது, யாரிடம் வாங்கினது, எந்தப் பாகம் எப்போது மாற்றியது என்று உங்களுக்கு நினைவிருப்பதையும் எழுதுங்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். அந்த அம்மாவுக்கும் அம்பிளிபயர் பற்றித் தெரியாது. ஆனால் மழையில் நனைந்த அந்தத் திருவிழா அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

விற்க வேண்டி வந்தால் வாங்குபவரையே மதிப்பிட விடாதீர்கள். திருத்தத் தெரிந்த ஒருவருக்கு அதற்குரிய கூலியைக் கொடுத்துச் சோதியுங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் உங்கள் கிராமத்துப் பெண்கள் சங்கத்திலிருந்து ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். ஒருவர் "இது ஒன்றுக்கும் உதவாது" என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் விலையும் கேட்டால், உதவாத பொருள் அவருக்கு ஏன் என்று நினைத்துப் பாருங்கள். அன்றைக்கே பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை. "விசாரித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி அவரை அனுப்பிவிடுங்கள்.